மழைக்காலச் சேமிப்பு: ஓட்ஸா, அவலா, சத்துமாவா?

சென்னையில் பேரிடர் சொல்லாமல் வருவதில்லை. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும், டிசம்பரோடு முடியும். இந்த நகரம் மறக்காத தேதிகளெல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கின்றன: 2015 டிசம்பர் முதல் வாரத்து வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம். மூன்றும் வேறு வேறு மாதிரி வந்தன. ஒன்றில் அடையாறு வீட்டுக்குள் புகுந்தது, ஒன்றில் மரங்கள் சாய்ந்து மின்கம்பிகளைக் கொண்டுபோயின, ஒன்றில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. ஆனால் அடுப்படியில் நடந்தது ஒன்றேதான். மின்சாரம் இல்லை. பால் பாக்கெட் இல்லை, கிடைத்தாலும் சொன்ன விலை. கேன் தண்ணீர் வண்டி தெருவுக்குள் வர முடியவில்லை. மூன்று நாளிலிருந்து ஐந்து நாள், தாழ்வான பகுதிகளில் ஒரு வாரம். அதற்குப் பிறகு அண்ணாச்சி கடை திறந்துவிட்டது.

இந்தக் கணக்கை முதலில் மனதில் வைத்துக்கொண்டால்தான், “அவசரத்துக்கு ஓட்ஸ் வாங்கி வைக்கலாமா?” என்ற கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்கும். ஏனென்றால் இணையத்தில் இந்தக் கேள்வியைத் தேடினால் வருகிற பதில் அமெரிக்கப் பதில். ஓட்ஸை டின்னில் அடைத்து ஆக்சிஜனை எடுத்துவிட்டால் 30 வருடம் இருக்கும் என்பார்கள். அது பொய்யில்லை. யூட்டா மாநிலத்தில் மார்மன் திருச்சபையினர் வீட்டில் மாதக்கணக்கில் உணவு சேமித்து வைப்பதை ஒரு கடமையாகவே செய்கிறார்கள். திருச்சபையே அப்படி டின்னில் அடைத்த ஓட்ஸை விற்கிறது. அங்குள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 28 ஆண்டுகள் வரை டின்னில் கிடந்த ஓட்ஸைச் சமைத்துக் கொடுத்துச் சுவைக்கச் சொல்லி ஆராய்ந்திருக்கிறார்கள். அவசர காலத்துக்கு இது போதும் என்றுதான் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள்.

ஆனால் அந்த டின் இருந்தது வறண்ட, குளிர்ந்த ஊரில். வீட்டுக்குக் கீழே நிலவறை, 20 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை. நம் ஊரில் மே மாதம் 40 டிகிரியைத் தொடும். நவம்பர் காலையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பொருளின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது சேமிப்புத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அவர்களுடைய 30 வருடம் இங்கே எவ்வளவு சுருங்கும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். அதைவிட முக்கியமான கேள்வி, 5 நாள் சமாளிக்க 30 வருடத்து டின் எதற்கு? ஒவ்வொரு வருடமும் அதே பருவத்தில் வரப்போகும் சிக்கலுக்கு, ஒவ்வொரு செப்டம்பரிலும் வாங்கித் தை பிறப்பதற்குள் தின்று தீர்ப்பதே போதுமானது. இந்தக் கட்டுரையில் நான் ஒப்பிடுவது அந்த 4 மாதத்துக்காக மட்டும்.

ஓட்ஸ் நம் தானியங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்றால், கொழுப்பில். 100 கிராம் ஓட்ஸில் 6, 7 கிராம் கொழுப்பு இருக்கும். கேழ்வரகில் 2 கிராமுக்கும் குறைவு, வெள்ளை அவலில் அதைவிடக் குறைவு. கொழுப்பு கூடக்கூடச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கம்பு அரைத்து வைத்தவர்களுக்கு இது தெரியும்: கம்பிலும் கொழுப்பு அதிகம், அதைச் சிதைக்கும் நொதியும் அதிகம், அதனால் அரைத்த மாவு ஓரிரு வாரத்திலேயே கசக்கத் தொடங்கும். ஓட்ஸும் அந்தச் சாதிதான். அதனால்தான் ஆலையிலேயே ஆவியில் வேகவைத்து நொதியை அடக்கிவிட்டு, பிறகு உருளையில் நசுக்கி அனுப்புகிறார்கள். கடையில் வாங்கும் ஓட்ஸ் பச்சைத் தானியம் இல்லை, பாதி வெந்த பொருள் என்பதற்கும் காரணம் அதுவே. இந்த ஒரு விஷயம் வெள்ள நேரத்தில் நமக்குப் பெரிய உதவி.

ஓட்ஸிலேயே எதை வாங்குவது? ஸ்டீல் கட் என்று விற்பது தானியத்தை இரண்டு மூன்று துண்டாக வெட்டியது. நம் கோதுமை ரவை மாதிரிப் பார்வைக்கு. அரைமணி நேரம் வேக வேண்டும். சிலிண்டர் எப்போது தீருமோ என்று பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் இதற்கு வேலையில்லை. பட்டையாக நசுக்கிய ரோல்டு ஓட்ஸ் 5 முதல் 10 நிமிடம். இன்னும் மெலிதாக நசுக்கிய குயிக் ஓட்ஸ் 2, 3 நிமிடம். கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி வைத்தாலே போதும், அடுப்பை அணைத்துவிடலாம். சாதாரண நாளில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் என்று தடிமனான ஓட்ஸைத்தான் சிபாரிசு செய்வார்கள், அது நியாயம். அவசரப் பெட்டிக்கு நான் குயிக் ஓட்ஸ் பக்கம். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டுகள் ருசிக்காக இரண்டு மூன்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். உப்பு கூடுதல், தாகம் எடுக்கும், குடிதண்ணீர் எண்ணி எண்ணிச் செலவாகும் நேரத்தில் தாகத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்.

இப்போது அவல். உண்மையில் போட்டி இவை இரண்டுக்கும்தான்.

அவலுக்கு அடுப்பே வேண்டாம். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்துத் தட்டையாக்கியது என்பதால் ஏற்கெனவே வெந்ததற்குச் சமம். மெல்லிசு அவல் தண்ணீர் தெளித்துப் பிசறினாலே மெத்தென்று ஆகிவிடும்; கெட்டி அவல் கால்மணி நேரம் ஊறினால் போதும். வெல்லமும் தேங்காயும் போட்டால் குழந்தைகள் தின்பார்கள். உப்பும் எலுமிச்சையும் ஊறுகாயும் போட்டால் பெரியவர்கள். தயிர் இருந்தால் தயிர் அவல். ஓட்ஸில் இப்படிச் சூடில்லாமல் செய்ய முடியாதா என்றால், முடியும். குயிக் ஓட்ஸை அரைமணி ஊறவைத்தால் சாப்பிடும் பதத்துக்கு வரும். ஆனால் பச்சைத்தண்ணீரில் ஊறிய ஓட்ஸின் கொழகொழப்பை இரண்டாம் நாளும் ஆசையோடு சாப்பிடுகிற ஒரு பெரியவரை எனக்குக் காட்டுங்கள். இராத்திரி பாலில் ஊறப்போட்டுக் காலையில் எடுப்பது என்ற நாகரிகம் ஃபிரிட்ஜ் ஓடும் வீட்டுக்கு உரியது. மின்சாரம் இல்லாத சென்னை இரவில் அந்தப் பால் விடிவதற்குள் திரிந்துவிடும். ஊறவைத்தால் உடனே தின்ன வேண்டும்.

தண்ணீர்க் கணக்கிலும் அவலே முன்னால் நிற்கிறது, ஆனால் முதல் பார்வைக்குத் தோன்றுகிற அளவுக்கு இல்லை. ஒரு வேளைக்கு ஒருவருக்கு 80 கிராம் ஓட்ஸ் என்றால் 300 முதல் 400 மில்லி தண்ணீர் பிடிக்கும். அதே அளவு அவல் ஊற அதில் பாதிகூட வேண்டாம். ஆனால் ஓட்ஸில் ஊற்றிய தண்ணீர் வீணாவதில்லை, கஞ்சியாக வயிற்றுக்குள்தானே போகிறது. அவலை நாம் இரண்டு முறை அலசிக் கொட்டுவோம், அந்தத் தண்ணீர்தான் நட்டம். அதனால் அவசரத்துக்கென்று வாங்கும்போது மட்டும் சில்லறையில் மூட்டையிலிருந்து அள்ளிப் போடும் அவலை விட்டு, தூசி, உமி இல்லாமல் சுத்தம் செய்து பாக்கெட் போட்டதை வாங்குங்கள். இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை: அடுப்பில்லாமல் ஊறவைக்கும் தண்ணீர், குடிக்கக்கூடிய தண்ணீராக இருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு தரைக்கடியில் இருக்கும் சம்பில் என்ன கலந்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கொதிக்க வைக்க முடியும் என்றால் கிருமி விஷயத்தில் ஓட்ஸ் பாதுகாப்பானது, கொதிநீரில்தானே செய்கிறோம்.

சத்தில் ஓட்ஸுக்கு வெற்றி, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். புரதம் 100 கிராமுக்கு 13 கிராம் அளவில்; அவலில் அதில் பாதி. மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கும், பீட்டா குளுக்கன் என்ற நார் பசியைத் தள்ளிப்போடும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் 5 நாள் மூன்று வேளையும் வெள்ளை அவல் என்பது சரிப்படாது. மாத்திரை வாங்க வெளியே போக முடியாத நேரத்தில் சர்க்கரை ஏறுவது இன்னொரு தலைவலி. அந்த ஒருவருக்காகவாவது ஓட்ஸ் பெட்டியில் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அவலின் குறையைப் பொட்டுக்கடலை ஈடுசெய்துவிடும். அதில் புரதம் 20 கிராமுக்கு மேல், வறுத்தது, அப்படியே மெல்லலாம், கெடுவதும் மெதுவாகத்தான். விலையையும் பாருங்கள்: ஒரு கிலோ ஓட்ஸ் வாங்கும் பணத்தில் இரண்டு கிலோ அவல் வாங்கிவிடலாம், பெரும்பாலும் மிச்சமும் இருக்கும்.

சத்துமாவைப் பற்றிப் பலர் கேட்பார்கள். கேழ்வரகு, கம்பு, பயறு, முந்திரி, பாதாம், வேர்க்கடலை என்று வறுத்து அரைத்தது. சத்துக்குக் குறைவில்லை, ஆனால் சேமிப்புக்கு இதுதான் மூன்றில் மோசம். அரைத்தவுடன் ஒவ்வொரு துகளும் காற்றைத் தொடுகிறது. அதில் கொட்டைகளின் எண்ணெயும் சேர்ந்துகொண்டால் சிக்கு வாடைக்கு நாள் குறித்தாயிற்று. வீட்டில் அரைத்தது இரண்டு மூன்று மாதம் நன்றாக இருந்தால் பெரிது. கஞ்சியாகக் காய்ச்சவும் வேண்டும், அதுவும் அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே. கைக்குழந்தைக்கு அதுதான் பழக்கம் என்றால் புதிதாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம். பொரி ஆயுத பூஜைக்கு வாங்கியது எப்படியும் வீட்டில் இருக்கும், ஆனால் டப்பாவைத் திறந்த மழைநாளிலேயே நமத்துப்போகும், இடமும் அடைக்கும். ரவை, சேமியா, அரிசி எல்லாம் அடுப்பு எரியும்வரை நல்லவை.

எதில் போட்டு வைப்பது என்பதில்தான் மக்கள் தேவையில்லாத செலவு செய்கிறார்கள். காற்றுப் புகாத மைலார் பை, ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலம், பையிலிருந்து காற்றை இழுத்து ஒட்டும் வேக்கம் சீலர் எல்லாம் இப்போது இணையத்தில் சுலபமாகக் கிடைக்கின்றன. இரும்புத் தூள் அடைத்த அந்தப் பொட்டலம் பைக்குள் இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டும் சாகும், கொழுப்பும் கெடாது. ஒரு வருடத்துக்கு மேல் வைக்கப்போகிறேன் என்பவருக்கு இது உண்மையிலேயே நல்ல வழி. ஒரு கிலோ பைக்கு 300 சிசி (மில்லி) ஆக்சிஜனைப் பிடிக்கும் பொட்டலம் தாராளம். ஆனால் இரண்டு விதிகள். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருளை இப்படி அடைக்கக்கூடாது. காற்றில்லாத ஈரத்தில் வளரும் கிருமி பொட்டுலினம் என்ற உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும். வெல்லம், பேரீச்சை, திராட்சை கலந்த ஓட்ஸ் கலவையை அடைக்கவே வேண்டாம். அடுத்தது, சிலிக்கா ஜெல் பொட்டலத்தை இதோடு சேர்த்துப் போடாதீர்கள். இரும்புத் தூள் வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் தேவை, சிலிக்கா அதை உறிஞ்சிவிடும். மழை நாளில் உட்கார்ந்து பை அடைப்பதும் வீண், அறைக் காற்றின் ஈரத்தையும் சேர்த்துத்தான் அடைப்பீர்கள்.

நான்கு மாதத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. கம்பெனி பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே எவர்சில்வர் சம்படத்துக்குள் இறக்கிவிடுங்கள். பாக்கெட் காற்றையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்ளும், சம்படம் எலியைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளத்தில் சாக்கடை நிரம்பும்போது பெருச்சாளிகள் மேட்டைத் தேடி வீட்டுக்குள் வருகின்றன. பிளாஸ்டிக் டப்பா அவற்றின் பல்லுக்கு ஒரு பொருட்டில்லை. சம்படம் மட்டும் போதாது, ஏனென்றால் அதன் மூடி காற்றுப் புகாதபடி மூடுவதில்லை. கண்ணாடிப் பாட்டில் மூடுவதில் கெட்டி, ஆனால் வீட்டைவிட்டு மாடிக்கோ முகாமுக்கோ கிளம்ப நேர்ந்தால் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஒரு கிலோ பாக்கெட் ஒன்றைவிட, அரைக்கிலோ இரண்டு நல்லது: பிரித்தது நமத்தாலும் மற்றது பிழைக்கும்.

வண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாக்கெட்டுக்கு வெளியிலிருந்து மட்டும் அது வருவதில்லை. முட்டை உள்ளேயே இருக்கலாம். வாங்கியவுடன் பாக்கெட்டைப் பிரிக்காமல் ஃப்ரீசரில் 4 நாள் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். எடுத்ததும் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். குளிர் முழுக்க இறங்கும்வரை மூடியே இருக்கட்டும், இல்லையென்றால் வெளிக்காற்று பட்டு உள்ளே வேர்த்துவிடும். ஃப்ரீசரிலேயே நிரந்தரமாக வைத்துவிடலாமே என்று தோன்றும். மின்சாரம் போனால் முதலில் உருகி நனைவது அங்கே இருப்பவைதான். வசம்பு, காய்ந்த வேப்பிலை, காய்ந்த மிளகாய் எல்லாம் பாக்கெட்டுக்கு வெளியே சம்படத்துக்குள் போடலாம். வரும் வண்டை ஓரளவு விரட்டும், இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது.

வீட்டில் எந்த இடம் என்பதற்குச் சென்னை வீடுகள் வசதியான பதில் தருவதில்லை. தரைத்தளத்தில் கீழ் அலமாரி வெள்ளத்துக்கு. மேல்மாடியில் பரண் வெயிலுக்கு: கான்கிரீட் தளத்துக்கு ஒரு முழம் கீழே இருக்கும் அந்த இடம் கத்திரி வெயிலில் அடுப்பு மாதிரிக் காயும், அங்கே போன வருட ஓட்ஸ் இருந்தால் முகர்ந்து பார்க்காமல் சமைக்காதீர்கள். மேற்குப் பார்த்த சுவர், அடுப்புக்கு மேல், தொட்டிக்கு அடியில், மூன்றும் ஆகாது. பெரும்பாலான வீடுகளில் மிஞ்சுவது படுக்கையறைச் சுவர் அலமாரியின் மேல்தட்டு. அங்கே துணிக்கு நடுவில் சம்படம் உட்கார்ந்திருப்பது அழகில்லைதான். நாப்தலின் உருண்டையை மட்டும் அந்தத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், ஓட்ஸ் வாடையை இழுத்துக்கொள்ளும்.

அளவு சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 4 பேர், 5 நாள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை சமைக்காத அல்லது வெந்நீர் மட்டும் போதுமான சாப்பாடு, வேளைக்கு 80 கிராம் என்று வைத்தால் மொத்தம் 3 கிலோ 200 கிராம். 80 கிராம் என்பது ஏறத்தாழ 300 கலோரி. பாக்கெட்டின் பின்னால் ஒரு வேளைக்கு என்று அச்சடித்திருக்கும் 30, 40 கிராம் சிற்றுண்டிக் கணக்கு, அதை நம்பி வாங்கினால் இரண்டு மூன்று நாளிலேயே பெட்டி காலியாகும். முதியவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இருக்கும் வீட்டில் இதில் ஒன்றரைக் கிலோ ஓட்ஸ், மீதி அவல். சிறு பிள்ளைகள் இருக்கும் தரைத்தள வீட்டில் இரண்டரைக் கிலோ அவலும் அரைக்கிலோவைக் கொஞ்சம் தாண்டிய ஓட்ஸும். இரண்டிலும் ஒரு கிலோ பொட்டுக்கடலை, அரைக்கிலோ வெல்லம், வேர்க்கடலை, கெட்டுப்போகாத அட்டைப்பெட்டிப் பால் அல்லது பால் பவுடர் தனி. குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் வைத்தால் 60 லிட்டர், அதாவது 3 கேன். ஓட்ஸும் அவலும் ஊற இன்னும் ஒரு கேனில் ஏறக்குறைய பாதி போகும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையிலோ ஓஎம்ஆர் பக்கத்து விடுதியிலோ தனியாக இருப்பவருக்கு என் பதில் வேறு. அங்கே அடுப்பு இல்லை, இருக்கும் மின்கெண்டி மின்சாரத்தோடு சேர்ந்து போய்விடும். ஓட்ஸ் வேண்டாம். ஒரு கிலோ மெல்லிசு அவல், அரைக்கிலோ பொட்டுக்கடலை, ஒரு பாட்டில் ஊறுகாய், கால் கிலோ வெல்லம், ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, 20 லிட்டர் கேன் ஒன்று. கேனை மட்டும் கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் மேசைமேல் வையுங்கள். தண்ணீர் அறைக்குள் வந்தால் சாக்கடை அதன் மூடியைத் தொடக்கூடாது.